துபாயில் வாங்கிய டிவிடி இங்கே ஓடாதது ஏன்?

டிவிடியில் பழுதில்லை, அது உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று குறிக்கும் எண்ணான மண்டலக் குறியீடுதான் தடுக்கிறது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ‘ஜுராசிக் வேர்ல்டு: ஃபாலன் கிங்டம்’ (2018) டிவிடியைக் கொழிஞ்சாம்பாறை வீட்டு பிளேயரில் போட்டால் ‘ராங் ரீஜன்’ என்று மட்டும் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். வளைகுடா நாடுகள் 2ஆம் மண்டலத்திலும் இந்தியா 5ஆம் மண்டலத்திலும் இருப்பதால், இங்கே விற்கும் பிளேயர் அதை ஏற்க மறுப்பது இயல்பே.

உறையின் பின்புறத்தில், சிறிய உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 மட்டும் இருந்தால் ஐயமில்லை. அங்கேயே மொழிகளையும் படித்துவிடுங்கள்; தமிழ் ஒலி இல்லையென்றால் இத்தனை பாடும் வீண்தானே!

கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை 2 என மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும். அதன்பின் கடைசியாக வைத்த எண்ணிலேயே டிரைவ் நிலைத்துவிடும் என்பதால், இங்கே வாங்கிய 5ஆம் மண்டல டிவிடிகள் நிறைய இருந்தால் அதே டிரைவில் கை வைக்க வேண்டாம்.