கேட்பாரில்லாத ஆல்பம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சினிமாவில் பாடாத ஒருவர் தானே எழுதி, மெட்டமைத்து, கிட்டாரோடு பாடிய எட்டுப் பாட்டு ஆல்பம் தற்செயலாகக் கிடைத்தது. ஒரு மாதமாக வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. யூடியூபிலோ ஒவ்வொரு பாட்டையும் முந்நூறு, நானூறு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் போட்டால் ஆச்சி, “ஏட்டி, இதென்ன ஒப்பாரி கணக்கா இழுக்கு, நிப்பாட்டு” என்கிறாள். நல்ல ஆல்பம் இப்படிக் கண்ணில் படாமல் போகுமா? மற்றவர்களை எப்படிக் கேட்க வைப்பது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாகப் போகும். இங்கிலாந்துப் பாடகி வாஷ்டி பன்யன் 1970-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் விற்கவில்லை. அவர் பாடுவதையே விட்டுவிட்டார். 2000-ல் அது மறுபடி வெளிவந்த பிறகுதான் ஆட்கள் தேடிக் கேட்டார்கள். இரண்டாவது ஆல்பம் வந்தது 2005-ல். அந்த 35 ஆண்டில் பழைய பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முந்நூறு என்ற எண்ணைப் பார்த்து உங்கள் காதைச் சந்தேகப்படாதீர்கள்.

ஆச்சிக்கு ஒட்டாததற்குப் போட்ட விதமும் காரணமாக இருக்கலாம். சினிமாப் பாட்டை வெளியிடுமுன் கடைசியாக ஒலியைச் சீராக்கும்போது (மாஸ்டரிங்) ஒலியை நெருக்கிச் சத்தமாக்கிவிடுவார்கள். தனியாகப் பாடுகிறவர் மெல்லிய இடத்தை மெல்லியதாகவே விட்டிருப்பார். யூடியூப் சத்தமான பாட்டைக் குறைக்கும், மெலிந்ததைக் கூட்டாது. அதனால் சினிமாப் பாட்டு முடிந்த கையோடு இதைப் போட்டால் சோகை பிடித்ததுபோல் கேட்கும். செல்போன் ஸ்பீக்கர் இன்னும் மோசம். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அத்தனை தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தர முடியாது. கட்டைவிரல் வாசிப்பின் கனம் போய், இழுவை மட்டும் மிஞ்சும்.

அம்பை – நெல்லை பஸ்ஸிலும் வேண்டாம். எஞ்சின் இரைச்சல் முதலில் விழுங்குவது அந்த அடிக்கம்பிகளைத்தான். ராத்திரி ஊர் அடங்கியதும், வயர் உள்ள இயர்போனில், முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஷஃபிளை அணைத்து, கிராஸ்ஃபேடை 0-வில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் ஏறும். இடையில் அவர் விட்ட மௌனம் காணாமல் போகும்.

மற்றவர்களுக்கு ஆல்பம் முழுவதையும் அனுப்பாதீர்கள். சொற்கள் தெளிவாகக் கேட்கும், நீளம் குறைந்த ஒரே பாட்டு; அதன் வரிகளைக் கையால் எழுதிக் கூடவே கொடுங்கள். ‘இன்னொன்று உண்டா?’ என்று கேட்டவருக்கு மட்டும் இரண்டாவது. ஒன்று சொல்ல வேண்டும்: ஒப்பாரி பாடுகிறவளும் தன் துக்கத்துக்குத் தானே சொல் கட்டித்தான் பாடுகிறாள். ஆச்சி அந்தப் பாடகரைச் சரியாகவே இனம் கண்டிருக்கிறாள்.

கேள்வி: திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பாடகருக்குப் பணம் போகுமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: சின்னப் பாடகருக்கு அநேகமாகப் போகாது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் ஒலிப்பதிவுக்கான பணப் பங்கு. 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை என்று கணக்கு. நீங்கள் ஒருவரே ராப்பகலாக ஓடவிட்டால் போலிக் கேட்பு என்று கழித்துவிடக்கூடும்.

விலை கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப்பில் ஆல்பம் இருந்தால், டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் 15 சதவீதமும் பணப் பரிமாற்றச் செலவும் எடுத்துக்கொண்டு மீதியைப் பாடகருக்குத் தரும். வாங்கியதும் எம்பி3-யோடு நிற்காமல், ஒலித் தரம் குறையாத ஃபிளாக் கோப்பையும் இறக்கி வையுங்கள். ஆல்பம் தளத்திலிருந்து மறைந்தாலும் உங்களிடம் இருக்கும். கார்டு மறுக்கப்பட்டால், வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அணைந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். திறந்து, வாங்கி, உடனே மூடிவிடுங்கள். பாடகரே தன் பக்கத்தில் யூபிஐ விவரம் கொடுத்திருந்தால் அதைவிட நேர்வழி இல்லை.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பாடகர் ஒருவர் தொண்ணூறுகளில் சொந்தச் செலவில் போட்ட கேசட், 2023 டிசம்பர் வெள்ளத்தில் அலமாரியோடு மூழ்கியது. சேறு காய்ந்துபோய் இருக்கிறது. வேறு பிரதி இல்லை. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி ஜங்ஷன்

பதில்: போடவே போடாதீர்கள். வண்டல் காய்ந்து நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுத்தால் பழுப்புப் பூச்சு உரியும். பாட்டு இருப்பது அந்தப் பூச்சில்தான்.

முதலில் திருகு வைத்த வேறொரு கேசட்டை வாங்கி, ஐந்து திருகையும் கழற்றி, அதன் வெளிக்கூட்டைத் தயாராக வையுங்கள். நனைந்ததைத் திறந்து இரண்டு நாடாச் சுருளையும் பிரியாமல் ஒருசேர எடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை அகலமான தட்டில் ஊற்றி அமிழ்த்துங்கள். கலங்கல் தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். சோப்பும் ஸ்பிரிட்டும் நாடாவில் படக் கூடாது. பிறகு நூல் பிரியாத துணியில், ஃபேன் காற்றில், நிழலில் இரண்டு மூன்று நாள். நம் ஊர் வெயிலில் வைத்தால் நாடா நெளிந்துவிடும்; ஹேர் டிரையரும் ஆகாது.

காய்ந்ததும் அந்தப் புதுக் கூட்டில் பொருத்துங்கள். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்கு எதிரே நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது விழுந்திருந்தால் ஒலி மங்கும். பென்சிலைச் செருகி மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றுங்கள். பிடித்தால் இழுக்காமல், மறுபடி ஊறவிடுங்கள்.

டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகே கேசட்டைப் போட வேண்டும். லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு இணையுங்கள்; மைக் துளையில் செருகினால் ஒலி சிதறும், பெரும்பாலும் மோனோவாகவும் போகும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ச, ஸ ஒலிகள் மழுங்கியிருந்தால் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் திருகை மிகக் கொஞ்சமாகத் திருப்பி, தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். இரைச்சல் நீக்குவதை மூலப் பதிவில் செய்யாதீர்கள், பிரதியில் செய்யுங்கள்.

யூடியூபில் ஏற்ற அவசரப்பட வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை. தொண்ணூறுகளின் கேசட்டுக்கு இன்னும் காலம் கிடக்கிறது. பென் டிரைவில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியைப் பாடகரிடமோ அவர் வீட்டாரிடமோ நேரில் கொடுங்கள். அனுமதியை அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.