நர்ஸ் ஆக ஆசைப்படும் பணியர் பெண்

கேள்வி: என்னிடம் படித்த பணியர் பழங்குடி வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நர்சிங் சேர ஆசை. நான் என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, பந்தலூர்

பதில்: முதலில் சாதிச் சான்றிதழைப் பாருங்கள் டீச்சர். பழங்குடியினருக்கு அதைக் கொடுப்பது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். இது தெரியாமல் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நாள் ஓடிவிடும். தமிழ்நாட்டில் பழங்குடி ஒதுக்கீடே 1 சதவீதம்தான், அதையும் ஒரு காகிதத்துக்காக விடுவதா? அப்புறம், பக்கத்திலேயே கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப்போங்கள். அங்கே நர்ஸ்களில் பலர் ஆதிவாசிப் பெண்கள்தான், பாட்டிமாரிடம் அவர்கள் பாஷையிலேயே "எங்கே வலிக்குது?" என்று கேட்பதை அவள் பார்க்கட்டும். ஹாஸ்டலில் முதல் மாசம் அழுவாள், பெட்டியோடு திரும்பிவிடவும் பார்ப்பாள்; வாரம் ஒரு போன் போடுங்கள்.