கேள்வி: எங்கள் குடியிருப்பில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு விபத்துத் தடுப்பு வகுப்பு நடத்தப் போகிறோம். அந்த வயதில் சொன்னால் புரியுமா?

புரியும். ஆனால் நாம் சொன்னதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. காவிரிப் படுகையில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில், அடுப்பு சுடும், கிட்டே போகக் கூடாது என்று நானே ஒரு பாட்டுக் கட்டிக் குழந்தைகளைக் கைதட்டிப் பாட வைத்தேன். எல்லாரையும்விட உரக்கப் பாடியவன் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன். ஒரு விடுமுறை நாளில் அவனுடைய அம்மா சோறு வடித்துவிட்டுக் கஞ்சிச் சட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைத்திருக்கிறார். பின்பக்கமாக நடந்து விளையாடிக்கொண்டிருந்தவன் இடறி அதிலேயே உட்கார்ந்துவிட்டான். செய்தி கேட்டு நான் ஓடியபோது பாட்டி தோசை மாவை அள்ளித் தொடை முழுவதும் பூசியிருந்தார். மருத்துவமனையில் செவிலியர் அந்த மாவைக் கழுவி எடுக்க எடுக்கத் தோலும் சேர்ந்து வந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அடுப்புக்கிட்ட போகலையே டீச்சர்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. என் பாட்டை அவன் ஓர் எழுத்துக்கூட மீறவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டியும் சுடும் என்பதை நான்தான் சொல்லித் தரவில்லை.

அதன் பிறகு பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுப் பாத்திரங்களையே மையத்துக்குக் கொண்டுவந்தேன். வெதுவெதுப்பான நீர் நிறைந்த சட்டியை வெளிப்புறமாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆவி எழுந்தால் இரண்டடி பின்வாங்குவதை ஒரு விளையாட்டாகவே நாள்தோறும் ஆடினோம். வீடுகளில் சமையல் நடக்கும் இடத்தைச் சுற்றிக் கோலமாவில் ஒரு கோடு போடச் செய்தேன். கோட்டைத் தாண்டிய அப்பாவை ஒரு பெண் குழந்தை அதட்டி வெளியே அனுப்பியதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களிடம், கஞ்சிச் சட்டியைத் தரையில் வைக்காதீர்கள், சுட்டுவிட்டால் மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம், சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்று சலிக்காமல் சொன்னேன்.

தாயைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். விறகடுப்பும் கைக்குழந்தையும் வயல்வேலையுமாக இருப்பவருக்குச் சட்டியை வைக்க மேடை ஏது? ஒரு கிராமத்து அனுபவத்தை எல்லாருக்கும் பொதுவாக்குகிறேன் என்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கட்டும். அங்கே கிராமங்களில் 'ஆஞ்சல்' என்ற பெயரில் நடக்கும் காப்பகங்களில், தாய்மார் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒரு பெண் பார்த்துக்கொள்கிறார். குளங்களில் பிள்ளைகள் மூழ்கி இறப்பது அதனால் வெகுவாகக் குறைந்தது. நீச்சலைக்கூட ஆறு வயது முதல் கற்பிக்கும்படிதான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்குக் கீழுள்ள பிள்ளைக்குத் தடுப்பு வேலியும் பெரியவர் ஒருவரின் கண்ணும்தான் காப்பு.

இதை எழுதும்போதே ஒரு பழைய எரிச்சல் தலைதூக்குகிறது. ஒருமுறை நகரத்திலிருந்து ஓர் அமைப்பினர் தெர்மாகோலில் செய்த போக்குவரத்து விளக்கோடு வந்து, பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டி, சிவப்பு என்றால் நில் என்று கற்பித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் போக்குவரத்து விளக்கே கிடையாது. மையத்துக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில், படிக்கட்டில் பாசி படிந்த குளம் இருந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு வேலி கேட்டு நான் எழுதிய மனுக்களுக்கு விடை வராமல், கடைசியில் பெற்றோரே மூங்கில் வெட்டி வந்து கட்டினார்கள்.

ஆகவே விருந்தினரையும் பதாகையையும் ஏற்பாடு செய்வதற்கு முன், மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உங்கள் குடியிருப்பை ஒருமுறை சுற்றி வாருங்கள். மொட்டைமாடிக் கதவு, கழிப்பறை அமிலத்தை ஊற்றி வைத்திருக்கும் குளிர்பான பாட்டில் எல்லாம் கண்ணில் படும். முதலில் தரைத்தள நீர்த்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கையால் தூக்க முடிந்தால் அன்றைக்கே பூட்டுப் போடச் சொல்லுங்கள், வகுப்பை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.