தண்டச் சீட்டு எழுதுவது நிறுவனம், பொறுப்பு யாருடையது? இங்கிலாந்தின் தரிப்பிட நிர்வாகம் குறித்த கேள்வி பதில்

இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சபைகள் வீதியோரத் தரிப்பிடங்களையும் தமக்குச் சொந்தமான கார் பார்க்குகளையும் எவ்வாறு நிர்வகிக்கின்றன, அவற்றில் எந்த வேலைகளைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன என்பது பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தனர். சபையொன்றின் தரிப்பிடப் பிரிவில் ஒப்பந்த மேற்பார்வையில் பணியாற்றிய உறுப்பினர் அவற்றுக்குப் பதிலளிக்கிறார். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு என்பதால், இங்குள்ள விளக்கங்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி (ஹரோ): என் காருக்குத் தண்டச் சீட்டு எழுதியவருடைய சட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருந்தது. சட்ட அதிகாரத்தையே சபை விற்றுவிட்டதா?

பதில்: விற்கவில்லை, விற்கவும் முடியாது. ஒரு காலத்தில் தவறான தரிப்பு என்பது பொலிசாரும் அவர்களுக்குக் கீழிருந்த டிராஃபிக் வோர்டன்களும் கவனித்த குற்றமாக இருந்தது. 1991ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதைக் குற்றவியலிலிருந்து எடுத்துச் சபைகளின் கையில் கொடுத்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைத்துவச் சட்டமாகும். அதன் தரிப்பிடப் பகுதி 2008 மார்ச் 31 முதல் செயற்படுகிறது. அச்சட்டத்தின்படி தண்டச் சீட்டு வழங்குபவர் சபையின் பெயரால்தான் வழங்குகிறார். அவருடைய சம்பளத்தை நிறுவனம் கொடுப்பதால் அந்த நிலை மாறுவதில்லை.

வெளியே கொடுக்கப்படுவது பெரும்பாலும் உடலுழைப்பும் கருவிகளும் சார்ந்த வேலை: வீதி ரோந்து, கட்டண இயந்திரங்களின் பராமரிப்பு, அவற்றிலிருந்து காசு எடுத்து எண்ணுவது, பெர்மிட் வழங்கும் மென்பொருள், கைபேசிக் கட்டணச் செயலி, வாகனம் தூக்கும் லொறி, சில சபைகளில் முதற்கட்ட ஆட்சேபக் கடிதங்களுக்கான பதில். எந்த வீதியில் யார் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்ற ஆணையைப் பிறப்பிப்பதும் கட்டணத்தைத் தீர்மானிப்பதும் சபையின் வேலை. முறைப்படியான முறையீட்டைப் பரிசீலிப்பதை ஒப்பந்தகாரரிடம் கொடுக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டல் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே "அது நிறுவனம் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்று சபை அலுவலர் எவரேனும் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): இந்த வோர்டன்களுக்கு ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: எத்தனை முறை மறுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. சீட்டுகளின் எண்ணிக்கைக்கு இலக்கு வைக்கக் கூடாது, ஒப்பந்தகாரருக்கான கொடுப்பனவை அந்த எண்ணிக்கையுடன் இணைக்கக் கூடாது என்பது வழிகாட்டலில் உள்ள விதி. பிரித்தானியத் தரிப்பிடச் சங்கம் தயாரித்த மாதிரி ஒப்பந்தமும் தரத்தையே அளவுகோலாக வைக்கிறது. வழக்கமாக விலை பேசப்படுவது ரோந்து மணித்தியாலங்களுக்கே. வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம், இன்ன வலயத்தில், பாடசாலை விடும் நேரத்தில் இன்ன வாசலில் ஆள் நிற்க வேண்டும் என்று அட்டவணை இருக்கும். அது குறைந்தால் கொடுப்பனவில் கழிக்கப்படும்.

அதற்கு மேல் நாங்கள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தது, சீட்டு எழுதும் உத்தியோகத்தரின் பிழையால் இரத்தாகும் சீட்டுகளின் வீதத்தைத்தான். ஒரு நல்ல உத்தியோகத்தர் வண்டியைக் கண்டதும் சீட்டு எழுதிவிட மாட்டார். பெர்மிட் எண்ணைக் கைக்கருவியில் சரிபார்ப்பார். பொருள் ஏற்றி இறக்கும் அறிகுறி உண்டா என்று சில நிமிடங்கள் நின்று பார்ப்பார். முன், பின் சக்கரங்களில் காற்று அடைக்கும் வால்வு எந்தத் திசையில் நிற்கிறது என்பதைக் கடிகார முள்ளின் நிலையைக் கொண்டு பதிவார். வால்வுகள் அரை மணிக்குப் பின்னரும் அதே நிலையில் இருந்தால் "போய்விட்டுத் திரும்பி வந்தேன்" என்ற வாதம் நிற்பது கடினம். பின்னர் வண்டி, வீதிக் கோடு, அறிவித்தல் பலகை மூன்றும் தெரியும்படி படமெடுப்பார். கட்டணம் செலுத்திய நேரம் முடிந்திருந்தால் 2015 முதல் பத்து நிமிடச் சலுகையும் உண்டு. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் சீட்டு நிற்காமல் போகலாம்.

இருந்தாலும் காகிதத்தில் இலக்கு இல்லை என்பதால் களத்தில் அழுத்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். "நேற்று உன்னுடைய கருவி சும்மாதான் இருந்ததா?" என்று ஒரு மேற்பார்வையாளர் கேட்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. தினசரிப் பதிவுகளை வாசிக்கச் சபையில் ஆள் இருந்தால்தான் அது வெளியே தெரியவரும். செலவைக் குறைப்பதற்காக மேற்பார்வைக்கு ஒரேயொருவரை மட்டும் வைத்துக்கொள்ளும் சபைகள்தான் பிற்பாடு அதிகமான புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி (பார்னெட்): வசூலாகும் பணம் எங்கே போகிறது? நூலகத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பயன்படுத்தலாமே?

பதில்: உங்கள் வட்டாரத்திலேயே இதற்கான முக்கியமான தீர்ப்பு பிறந்தது. 2011இல் பார்னெட் சபை குடியிருப்பாளரின் முதல் பெர்மிட்டை 40 பவுணிலிருந்து 100 பவுணாகவும், விருந்தினர் வவுச்சரை 1 பவுணிலிருந்து 4 பவுணாகவும் உயர்த்தியது. குடியிருப்பாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டம் வருமானம் திரட்டும் சட்டம் அல்ல என்றும், வேறு வீதிச் செலவுகளுக்கு உபரி காண்பதற்காகக் கட்டணத்தை ஏற்றியது சட்டவிரோதம் என்றும் 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் கூறியது.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி வீதியோரத் தரிப்பு வருமானத்துக்கும் தண்டப்பணத்துக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும். செலவு போக மிஞ்சுவதைக் கார் பார்க் அமைத்தல், பொதுப் போக்குவரத்து, வீதித் திருத்தம், சுற்றுச்சூழல் மேம்பாடு போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்கே பயன்படுத்தலாம். இலண்டனில் முதியோருக்கான இலவசப் பயண அட்டைக்குச் சபைகள் தங்கள் பங்கைச் செலுத்தும்போது இந்த உபரி பெரிதும் கைகொடுக்கிறது.

பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று இங்கே உண்டு. சபைக்குச் சொந்தமான கார் பார்க்கில் நீங்கள் செலுத்தும் கட்டணத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது பொது நிதிக்கே போகலாம். வற் வரியும் அங்கே உண்டு, வீதியோரக் கட்டணத்துக்கு இல்லை. தனியார் கார் பார்க்குகளுடன் போட்டியிடும் வியாபாரத்துக்கு வரிவிலக்குக் கொடுத்தால் சந்தைப் போட்டி சமனற்றுப்போகும் என்ற வரித் திணைக்களத்தின் வாதத்தை எதிர்த்து வைட் தீவுச் சபையும் வேறு சபைகளும் நீண்ட காலம் வழக்காடித் தோற்றன. எனவே ஒரு சபையின் "தரிப்பிட வருமானம்" என்று பத்திரிகையில் ஒரு தொகை வந்தால், அது எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். இரண்டையும் கூட்டிப் போட்டுவிட்டுச் சண்டை பிடிப்பது வழக்கமாகிவிட்டது.

கேள்வி (கிரோய்டன்): சுப்பர்மார்க்கெட் வளவில் கிடைத்த சீட்டும் இதே வகையா?

பதில்: இல்லை. அது ஒப்பந்த மீறலுக்கான தனியார் கோரிக்கை. சபைக்கு அதில் பங்கில்லை. அதற்காகச் செலுத்தாமல் விட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். செம்ஸ்போர்டிலுள்ள கடைத்தொகுதியொன்றில் விதிக்கப்பட்ட 85 பவுண் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

கேள்வி (கொல்செஸ்டர்): எங்கள் நகரில் வீதிக்கு ஒரு சபை, கார் பார்க்குக்கு வேறொரு சபை என்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்?

பதில்: மாவட்டச் சபையும் அதற்கு மேல் கவுன்ரி சபையும் உள்ள இடங்களில் வீதி கவுன்ரிக்கும், கார் பார்க் மாவட்டத்துக்கும் உரியவை. முன்பெல்லாம் கவுன்ரி தன் வீதிப் பொறுப்பை ஒவ்வொரு மாவட்டத்திடமும் தனித்தனியாக ஒப்படைத்தது. சிறிய மாவட்டங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. எசெக்ஸில் 2011இல் வேறு வழியைக் கண்டார்கள்: வடக்கே கொல்செஸ்டர் தலைமையிலும் தெற்கே செம்ஸ்போர்ட் தலைமையிலும் சபைகள் சேர்ந்து இரண்டு கூட்டமைப்புகளை அமைத்தன. தனியாரிடம் போகாமலேயே செலவைப் பகிரலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். இந்த வழியை மற்றைய கவுன்ரிகள் இன்னும் கூடுதலாகக் கவனித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி (மேர்ட்டன்): ஆண்டுதோறும் தலைவலி எதற்கு? மொத்தமாக நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்து ஒரு பெரிய தொகையை வாங்கிவிட்டால் என்ன?

பதில்: சிக்காகோ நகரம் அதைத்தான் செய்தது. 2008 டிசம்பரில், வரவுசெலவில் துண்டு விழுந்த நேரத்தில், சுமார் 36,000 வீதியோர மீட்டர்களை ஒரு முதலீட்டுக் குழுவிடம் 75 ஆண்டுகளுக்குக் கொடுத்து ஏறத்தாழ 115 கோடி டொலரை வாங்கியது. நகர சபை உறுப்பினர்களுக்கு ஆவணங்களைப் படிக்கக் கிடைத்தது சில நாட்கள்தாம். அடுத்த ஆண்டே நகரின் தலைமைக் கண்காணிப்பாளர், அந்த உரிமையின் மதிப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று அறிக்கையிட்டார். வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் கரைந்துபோனது.

பண இழப்பைவிடப் பெரியது கைகட்டு. திருவிழாவுக்காக ஒரு வீதியை மூடினாலும், மீட்டர் இருந்த இடத்தில் சைக்கிள் பாதை போட்டாலும், இழந்த வருமானத்துக்கு நகரம் அந்த நிறுவனத்துக்கு ஈடுசெய்ய வேண்டும். அல்லது வேறிடத்தில் அதற்கீடான தரிப்பிடம் கொடுக்க வேண்டும். வீதியோரம் என்பது இன்று தரிப்பிடம், நாளை பஸ் பாதை, நாளை மறுநாள் மின்சாரக் கார் சார்ஜ் ஏற்றும் இடம். அடுத்த மூன்று தலைமுறைகளின் வீதியை இப்படிக் கட்டிப்போட இங்கிலாந்தின் சட்டச் சூழல் எளிதில் இடம்கொடாது. இங்கே வீதியோரச் சேவை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. நீடிப்பதா விடுவதா என்பது சபையின் விருப்பம். ஒப்பந்தகாரருக்குச் சேவைக்கான கூலி, சபைக்கு வருமானமும் அதனுடன் சேர்ந்த ஆபத்தும் என்ற பங்கீடே சரியானது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி (வெம்பிளி): காசு போடும் இயந்திரங்களைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் செயலிக்கு மாற்றுகிறார்கள். என் அம்மா என்ன செய்வார்?

பதில்: பல சபைகளில் தொலைபேசி அழைப்பு மூலமும், சில இடங்களில் கடைகளிலும் செலுத்தலாம், பலகையிலுள்ள எண்ணைக் கவனியுங்கள். பழைய இயந்திரங்கள் பல 3ஜி வலையமைப்பில் ஓடியவை. அது மூடப்பட்டதும் புதுப்பிப்பதைவிடக் கழற்றுவது மலிவாகிவிட்டது. காசு எடுத்து எண்ணும் ஒப்பந்தமும் அத்துடன் மிச்சமாகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான நீல பட்ஜ் உள்ளவரானால் வீதியோரக் கட்டணப் பெட்டிகளில் பொதுவாக இலவசம். பலகையில் ஒட்டப்பட்ட கியூஆர் குறியை மட்டும் நம்ப வேண்டாம். மோசடிக்காரர்கள் அதன் மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிச் செல்கிறார்கள்.

கேள்வி (லெஸ்டர்): சீட்டை எதிர்க்கும்போது எந்தக் கட்டத்தில் நிறுவனம், எந்தக் கட்டத்தில் சபை?

பதில்: வண்டியில் சீட்டு வைக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் செலுத்தினால் பாதித் தொகை. இலண்டனுக்கு வெளியே பெரும்பாலான சபைகளில் முழுத்தொகை, மீறலின் கடுமையைப் பொறுத்து, 50 அல்லது 70 பவுண். அந்த 14 நாட்களுக்குள் நீங்கள் அனுப்பும் முதல் ஆட்சேபத்தை நிறுவனத்தின் அலுவலகம் படிக்கக்கூடும். அது நிராகரிக்கப்பட்டால் பாதித் தொகைக்கான வாய்ப்பை மறுபடி தருமாறு வழிகாட்டல் சொல்கிறது, பெரும்பாலும் தருவார்கள்.

செலுத்தாவிட்டால் வாகன உரிமையாளருக்கு அறிவித்தல் வரும். அதற்கு 28 நாட்களுக்குள் நீங்கள் எழுதும் முறையீட்டைச் சபையின் அலுவலரே தீர்மானிக்க வேண்டும். 56 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் முறையீடு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். நிராகரித்தால் நியாயசபைக்குப் போகலாம்: இலண்டனுக்கு ஒன்று, ஏனைய இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒன்று. மேன்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. முதல் ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டதும் சோர்ந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுவோர் மிகுதி. உங்களிடம் நல்ல ஆதாரம் இருந்தால் அங்கே நிற்காதீர்கள். ஆனால் கடிதங்களைத் திறக்காமல் போட்டுவைப்பது மோசமான வழி. தொகை அரைவாசி கூடும், கடன் நோர்தாம்ப்டனிலுள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் பதிவாகும், அதன்பின் வாசலுக்கு வருபவர் சட்டத்தில் குறித்த கூலியை உங்களிடமே வசூலிக்கும் தனியார் அமலாக்க முகவர்.

கேள்வி (ரெட்பிரிட்ஜ்): எங்கள் சபையின் ஒப்பந்தம் முடியப்போகிறது. சேவையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் வீதியில் நடக்கப்போகும் ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தாம்; 2006ஆம் ஆண்டின் பணியாளர் மாற்ற ஒழுங்குவிதிகளின்படி அவர்கள் தங்கள் வேலை நிபந்தனைகளுடன் சபைக்கு வருவார்கள். சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களைச் சேர்ப்பது செலவைக் கூட்டும். நிறுவனத்தின் இலாபப் பங்கும் ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைத் திருத்தும் சச்சரவும் குறையும். எது மலிவு என்பதைக் கணக்குப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது.

2015ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைக் கோவைப்படி 5,000 பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களையும் தரிப்பிடக் கணக்கையும் சபை வெளியிட வேண்டும். முதலில் அவற்றைப் படியுங்கள். பிறகு தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கொடுப்பனவு எதன் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது, உத்தியோகத்தரின் பிழையால் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சீட்டுகள் இரத்தாயின, ஒப்பந்தத்தை மேற்பார்வை செய்யச் சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். புதிய விலைமனு கோரப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கையெழுத்தான பின் வரும் கேள்விகளால் ஒப்பந்தத்தில் எதையும் மாற்றுவது அரிது.