மியூசியம் பாஸ் மாதிரி சுற்றுலா கார்டுகள் வாங்கினால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

மனைவி, 10 வயதுப் பையன், அம்மா சகிதம் பாரிஸ் போவதாகவும், நான்கு பேருக்கும் மியூசியம் பாஸ் (பல இடங்களுக்கும் ஒரே கார்டு) வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு பேருக்கும் வேண்டாம். உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் யோசிக்கலாம், அதுவும் கீழே சொல்கிற கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு.

முதலில் பையனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை, வெற்றி வளைவு எதுவாக இருந்தாலும் 18 வயதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் கிடையாது. எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வயதைக் காட்ட பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது அம்மா. நாங்கள் பாரிஸ் போனபோது என் அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு நாங்கள் பாஸ் எடுக்கவில்லை, தனி டிக்கெட்தான். காரணம், இந்த பாஸ் 48, 96, 144 மணி நேரம் என்று மூன்று வகையில் வருகிறது. முதல் இடத்தில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், நடுவில் ஒருநாள் ஓய்வெடுத்தாலும் நிற்காது. ஓட்டலில் அன்லிமிடெட் மீல்ஸ் டோக்கன் எடுப்பது மாதிரிதான். இரண்டு கரண்டி சோற்றோடு எழுந்துவிடுகிறவருக்கு அது எதற்கு? முட்டி வலியோடு காலையில் ஒரு இடம், மதியம் தூக்கம், சாயங்காலம் சேன் நதிக்கரையில் ஒரு நடை என்று இருப்பவருக்குத் தனி டிக்கெட்டே மலிவு. வெற்றி வளைவின் உச்சிக்கு 284 படி. என் அம்மா கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் இருவருக்கும் கணக்கு வேறு. 2026 ஜனவரியிலிருந்து லூவரில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. அதற்கு முன்பு எல்லோருக்கும் 22 தான். ஓர்சே 16. வெர்சாயும், சேன்ட் சப்பேல் என்ற பழைய தேவாலயமும் இப்போது நம்மிடம் கூடுதலாகவே வாங்குகின்றன. அதனால் பழைய வீடியோக்களில் ‘பாஸ் வேஸ்ட்’ என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பாஸ் விலையும் அடிக்கடி ஏறுகிறது. எனவே ஒரு தாளை எடுத்து, பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் நிச்சயம் போவீர்கள் என்கிற இடங்களை மட்டும் எழுதி, அவற்றின் இன்றைய விலையைக் கூட்டுங்கள். ‘இலவசம்தானே, அதையும் பார்த்துவிடலாம்’ என்று தோன்றும் இடங்களைச் சேர்க்காதீர்கள். பாஸ் விற்கும் தளத்தில் போட்டிருக்கும் ‘இவ்வளவு மிச்சம்’ கணக்கே அந்த இடங்களால்தான் வீங்கியிருக்கும்.

கிழமையையும் பாருங்கள். லூவருக்கு செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்கும் வெர்சாய்க்கும் திங்கள். ஞாயிறு மதியம் 48 மணி நேர பாஸை ஆரம்பித்தீர்கள் என்றால் பாதி ஊர் பூட்டியிருக்கும். புதன் காலையில் ஆரம்பிப்பது நல்லது. அன்று லூவர் இரவு 9 மணி வரை, வியாழன் ஓர்சே 9.45 வரை திறந்திருக்கும்.

வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காகவே வாங்குகிறீர்களா? அது அரை உண்மைதான். டிக்கெட் வரிசை மிச்சம், பாதுகாப்புச் சோதனை வரிசை மிச்சமில்லை. சேன்ட் சப்பேல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது, அதனால் விமான நிலையம் மாதிரி பையைத் தட்டில் வைத்து அனுப்ப வேண்டும். லூவர், வெர்சாய், சேன்ட் சப்பேல் மூன்றுக்கும் பாஸ் இருந்தாலும் தனியாக நேரம் பதிவு செய்தே ஆக வேண்டும். பாஸ் வாங்குவதற்கு முன்பே அந்தத் தேதிகளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; லூவரில் இடமில்லை என்றால் பாஸின் பெரிய பங்கு அங்கேயே போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு பாஸ் பிடித்தது: சின்ன இடங்களுக்குத் தயங்காமல் நுழையலாம். சேன்ட் சப்பேலில் குறுகலான சுழல் படி ஏறி மேல் மண்டபத்துக்கு வந்தால் சுவர் என்றே எதுவும் தெரியாது, நான்கு பக்கமும் நீலமும் சிவப்பும் கலந்த கண்ணாடி. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தனி டிக்கெட் என்றால் இத்தனை யூரோவா என்று வாசலிலேயே நாங்கள் ஒரு குடும்பக் கூட்டம் போட்டிருப்போம்.

ஈஃபில் கோபுரம் இதில் வராது. மெட்ரோவும் வராது. மெட்ரோவுக்கு நவிகோ என்ற வாரப் பயண அட்டை எடுப்பதென்றால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான், வியாழக்கிழமை போய் இறங்குகிறவர்களுக்குப் பெரிதாகப் பயனில்லை.

அப்புறம் ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, சயின்ஸ் மியூசியம் எல்லாம் இலவசம், ஆகவே டவர் ஆஃப் லண்டன் மாதிரி கட்டண இடங்களை அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் அங்கே கார்டு. ரோம் நகரத்து ரோமா பாஸில் பஸ், மெட்ரோ உண்டு, வத்திக்கான் அருங்காட்சியகம் கிடையாது.

கடைசியாக ஒன்று: உங்கள் அம்மாவுக்கு லூவரில் சக்கர நாற்காலி இலவசமாகவே தருகிறார்கள். அடையாள ஆவணம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது தருவார்கள்.