ஆயின்மென்ட் உள்ள இறங்க மாட்டேங்குதா?

கேள்வி: டாக்டர், பாத்திரம் கழுவிக் கழுவி எனக்கு உள்ளங்கை தடிச்சு வெடிச்சுப்போச்சு. ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதிக் குடுத்தாங்க, அது மேலயே வழவழன்னு நிக்குது. பாலிதீன் கவர் மாட்டிட்டுப் படுத்தா நல்லா இறங்கும்னு பக்கத்து வீட்டக்கா சொல்றாங்க, செய்யலாமா? அதையே பையன் கன்னத்துல இருக்கற படைக்கும் போடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அக்கா சொன்னது உண்மைதாம்மா, அதனாலதான் வேணாங்கறேன். தோலுக்கு மேல செத்த செல்லுங்களும் கொழுப்புமா ஒரு லேயர் இருக்கு, கை கால்ல எல்லாம் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான், ஆனா மருந்து அதத் தாண்டறதுதான் பெரும்பாடு, உள்ளங்கைல அது பல மடங்கு தடிமன் வேற. ஈரம் பட்டா அது இளகி வழி விடும். கவர் மாட்டினா வேர்வை வெளிய போகாம ஊறி, மருந்து 10 மடங்கு வரைக்கும்கூட உள்ள போகலாம், ஸ்டீராய்டு அந்த அளவுக்குப் போனா தோல் மெலிஞ்சுடும், சீழ் கொப்புளமும் வரும். டாக்டரே சொன்னா மட்டும், அவர் சொன்ன நாளுக்கு மட்டும் மாட்டுங்க.

அதுக்குப் பதிலா ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில கைய அஞ்சு பத்து நிமிஷம் வச்சிருந்து, ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்குள்ள போடுங்க. ஆட்காட்டி விரல் நுனிலேர்ந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினா சுமாரா அரை கிராம், ரெண்டு உள்ளங்கைக்கும் அதுவே தாராளம், அதுக்கு மேல போடறதெல்லாம் போர்வைக்குத்தான் போகும். அழுத்தித் தேய்க்கவும் வேணாம். தடிப்பு குறையலன்னா யூரியா இல்ல சாலிசிலிக் ஆசிட் கலந்த க்ரீம் சேத்துப் போடலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, வெடிப்பு மேல சாலிசிலிக் பட்டா எரியும்.

பையன் கன்னத்துல மட்டும் கண்டிப்பா கூடாது! 1967ல அமெரிக்காவுல ஃபெல்ட்மேன், மைபாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஹைட்ரோகார்டிசோன்ங்கற ஸ்டீராய்ட வெவ்வேற எடத்துல தடவி அளந்தாங்க, முன்கைல இறங்கறத 1னு வச்சா உள்ளங்கைல 0.83, தாடைல 13. உங்க கைக்கே பத்தாத மருந்து அவன் மூஞ்சிக்கு ஓவர் டோஸ். அது படர்தாமரையா இருந்தா இன்னும் மோசம், அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள பரவிட்டே இருக்கும். மெடிக்கல்ல கேட்டு எதையும் வாங்காம நேரா தோல் டாக்டர்ட்ட காட்டுங்க.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவிட்டு மேல ஹாட் வாட்டர் பேக் வைக்கலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேணாம் சார். சூட்டுல ரத்த ஓட்டம் கூடி மருந்து கணக்கில்லாம ஏறும், தோலும் புண்ணாகலாம். இறுக்கிக் கட்டவும் கூடாது, ஜெல்ல மெதுவா நீவி விட்டு காய விடுங்க, போதும்.