ஆர்ச்டாப் கிட்டார் வாங்குவதும் பழகுவதும்: கேள்வி பதில்

வயலினைப் போல மேற்பலகை வளைந்து மேடிட்டு, இரு பக்கமும் எஃப் வடிவத் துளைகளோடு இருக்கும் ஆர்ச்டாப் என்ற ஜாஸ் கிட்டாரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தக் கருவிகளை வாசிப்பதோடு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழுதுபார்த்தும் வருகிறேன். விலை நிலவரத்தையும் சுங்க வரியையும் என்னிடம் கேட்க வேண்டாம்; இரண்டும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

கேள்வி: எனக்கு 54 வயது. வலது தோளில் பழைய வலி உண்டு. பதினாறு அங்குல உடலா, பதினேழு அங்குல உடலா, எது வசதியாக இருக்கும்?

பதில்: வந்த கேள்விகளில் இதுவே முதன்மையானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிட்டாரின் கீழ்ப்பகுதியில் மிக அகலமான இடத்தை அளந்துதான் பதினாறு, பதினேழு என்கிறார்கள். கிப்சன் நிறுவனம் 1922இல் கொண்டுவந்த எல்-5, எஃப் துளைகளோடு வந்த முதல் கிட்டார். அது பதினாறு அங்குலம். ஒலிபெருக்கி இல்லாமல் பித்தளை ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டார் கேட்க வேண்டியிருந்த காலம் அது. ஆகவே முப்பதுகளில் எல்-5 பதினேழு அங்குலமானது. 1934இல் வந்த சூப்பர் 400 பதினெட்டு அங்குலத்தைத் தொட்டது. அந்த அகலம் சத்தத்துக்காக வந்ததே தவிர வாசிப்பவரின் தோளுக்காக வந்ததன்று. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) வைத்து ஆம்ப்ளிஃபையரில் வாசிக்கப் போகும் உங்களுக்கு அந்தத் தேவையே இல்லை.

அகலத்தைவிட ஆழம்தான் தோளை அதிகம் வருத்தும். முழு ஆழமுள்ள ஆர்ச்டாப்பின் பக்கப்பலகை ஏறத்தாழ மூன்றேகால் முதல் மூன்றரை அங்குலம் வரை இருக்கும். அதன்மேல் முன்னும் பின்னும் வளைவு வேறு. அதைத் தாண்டிக் கை போக வேண்டுமானால் தோள் தானாக உயரும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, எதையும் வாசிக்காமல் வலது முன்கையை மட்டும் அதன் விளிம்பில் இருபது நிமிடம் கிடத்திப் பாருங்கள். சுண்டு விரல் மரத்துப் போனாலோ, தோள் காதை நோக்கி ஏறினாலோ, அந்தக் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள். முப்பது வயதில் பெருமைக்காக ஒரு பதினெட்டு அங்குலக் கிட்டாரை வாங்கினேன். எட்டு மாதம் அதைக் கட்டியணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர வாசித்தேன் என்று சொல்ல முடியாது.

மெலிந்த உடல் வேண்டும் என்பது புதிய ஆசையும் அன்று. பில்லி பேர்ட், ஹாங்க் கார்லண்ட் என்ற இரு கலைஞர்களின் யோசனைப்படி கிப்சன் 1955இல் கொண்டுவந்த பேர்ட்லாண்ட் என்ற கிட்டாரின் ஆழம் இரண்டேகால் அங்குலம்தான். தந்தி நீளமும் இருபத்துமூன்றரை அங்குலமாகக் குறைந்தது. கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனுக்காக ஐபனெஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ஜிபி10இன் உடல் பதினைந்து அங்குலத்துக்கும் குறைவு. உங்கள் தோளுக்கு இந்த வகை உடலையே முதலில் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் மட்டும் பதினாறு அங்குலத்துக்குப் போங்கள்.

கேள்வி: முதல் ஆர்ச்டாப்பாக எதை வாங்கலாம்?

பதில்: ஐபனெஸ் ஏஎஃப்75, கனடாவின் கோடின் ஃபிஃப்த் அவென்யூ, எபிஃபோனின் ஜோ பாஸ் எம்பரர் ஆகிய மூன்றும் பயன்படுத்திய கருவிகளின் சந்தையில் அவ்வப்போது வருகின்றன. கோடினின் உடல் கனடாவின் காட்டுச் செர்ரி மரத்தாலானது. எடை குறைவு, ஆம்ப் இல்லாமலும் ஓரளவு பேசும். கையில் பணம் கூடுதலாக இருந்தால் பெய்ஜிங்கில் செதுக்கப்படும் ஈஸ்ட்மன். இவற்றில் எதை வாங்கினாலும், தந்தி மாற்றும்போது எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

கேள்வி: ஐயா, தந்திகளைக் கழற்றியதும் பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. உடைந்துவிட்டதா? பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: உடையவில்லை. தயவுசெய்து ஒட்டாதீர்கள். வயலினின் குதிரையைப் போல இந்தக் கிட்டாரின் குதிரையும், அதாவது தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும், தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அது நிலையாக ஒட்டப்பட்டிருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். தந்திகள் உடலின் அடிமுனையிலுள்ள டெயில்பீஸ் என்ற பிடியில் மாட்டப்பட்டிருப்பதால் குதிரைக்கு இழுவிசை கிடையாது, கீழ்நோக்கிய அழுத்தம் மட்டும்தான். ஒரு பழுதுபார்ப்பவர் எபாக்ஸி போட்டு ஒட்டிய குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்கள்; அதை எடுக்கும்போது மேற்பலகையின் வார்னிஷ் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது.

மீண்டும் வைக்கும் முறை இது. நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் பதியும் சிறு பட்டை) பன்னிரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) வரை அளந்து, அதே தொலைவை அங்கிருந்து மறுபுறம் அளந்தால் குதிரையின் தோராயமான இடம் கிடைக்கும். பருத்த தந்திப் பக்கம் சற்றுப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். சுருதி சேர்த்தபின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையை டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்கள். இறங்கி ஒலித்தால் கழுத்துப் பக்கம். நகர்த்துவதற்கு முன் தந்திகளைத் தளர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் குதிரையின் இரு பாதங்களையும் சுற்றி, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் எல்லை கட்டிவிட்டு, அதன்பின் தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொன்றாக.

கேள்வி: ஒட்டுப்பலகையில் செய்த ஆர்ச்டாப் வெறும் பிளைவுட் பெட்டிதானே? செதுக்கிய மேற்பலகை இல்லாததை ஜாஸ் கிட்டார் என்று விற்பது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இல்லை. கிப்சன் 1949இல் 175 டாலருக்கு விற்கத் தொடங்கிய இஎஸ்-175இன் மேற்பலகை, மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அச்சில் அழுத்தியது. ஜாஸ் கிட்டார் கலைஞர்களான ஜிம் ஹால், ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ் ஆகியோரின் ஒலி என்று நாம் மனத்தில் வைத்திருப்பதில் பெரும்பகுதி அந்தப் ‘பெட்டி’யிலிருந்து வந்ததுதான். ஒட்டுப்பலகை விறைப்பானது, பிக்கப்பின் எடையும் அதற்காக வெட்டிய துளையும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, ஆம்ப்பின் சத்தத்துக்கு எளிதில் அதிராது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கமரி ஏன் செதுக்கிய எல்-5ஐ வாசித்தார்? இன்னொரு ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இஎஸ்-150உம் செதுக்கியதுதானே?

பதில்: இரண்டும் உண்மை. 1936இல் வந்த இஎஸ்-150க்கு செதுக்கிய ஸ்ப்ரூஸ் மர மேற்பலகை உண்டு. ஆனால் அதனுள்ளே இருந்த பிக்கப்பின் காந்தங்கள் கனத்த எஃகுப் பட்டைகள். அவ்வளவு எடையைத் தாங்கிக்கொண்டு மரம் எவ்வளவு சுதந்திரமாக அதிர்ந்திருக்கும்? வெஸ் வாசித்த எல்-5 சிஇஎஸ் என்ற மின் கிட்டார் வகையிலும் பிக்கப் மேற்பலகையை வெட்டித்தான் பதிக்கப்பட்டிருக்கும். செதுக்கிய மரத்தின் முழுப் பயனும் வேண்டுமென்றால் பிக்கப் மரத்தைத் தொடாமல் கழுத்தின் முனையிலோ பிக்கார்டிலோ (மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) தொங்க வேண்டும். அப்படிப்பட்ட கருவியை அமைதியான அறையில் ஆம்ப் இல்லாமல் வாசித்தால், நீங்கள் சொல்லும் வேறுபாடு எனக்கும் கேட்கிறது. அதை நான் மறுக்கவேயில்லை. செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்புரா வாங்கிய கதையாக, டிரம்ஸுக்கு அருகில் வாசிக்கப் போகிறவர் அந்த வேறுபாட்டுக்காக நான்கு மடங்கு பணம் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி (இன்னொரு வாசகர்): விவாதத்தில் குறுக்கிடுகிறேன். விற்பவர் ‘சாலிட் டாப்’ என்று சொன்னால் அது செதுக்கியது என்றுதானே பொருள்?

பதில்: நல்ல இடத்தில் குறுக்கிட்டீர்கள், எங்கள் இருவருக்கும் தோன்றாமல் போன விஷயம் இது. ஒரே பலகையை வெப்பத்தில் அழுத்தி வளைத்ததும் ‘சாலிட்’தான். செதுக்கிய பலகை நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். அழுத்திய பலகை எங்கும் ஏறத்தாழ ஒரே தடிமன். எஃப் துளையின் விளிம்பைக் கைவிளக்கால் பாருங்கள். மரத்தின் வரி மேலிருந்து கீழ்வரை தடையின்றி இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்பில் பட்டை கட்டியிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. செதுக்கியதா, அழுத்தியதா என்பதை விற்பவரிடம் அந்த இரு சொற்களையே பயன்படுத்திக் கேளுங்கள்.

கேள்வி (முதல் வாசகர்): எப்படியும் மரம் வயதாக ஆகத்தான் ஒலி கனியும். பிளைவுட் கனியாது.

பதில்: மாம்பழமும் கனியும். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்தத் தந்தி போடுவது? இப்போது 9 அளவு போட்டிருக்கிறேன், ஒலி சன்னமாக இருக்கிறது.

பதில்: 9 என்பது முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அந்த அளவின் அழுத்தம் குதிரையைச் சரியாக உட்காரவே விடாது. 12இல் தொடங்கும் தட்டைச் சுற்றுத் தந்திகளை, அதாவது ஃப்ளாட்வூண்ட் தொகுப்பைப் போடுங்கள். மூன்றாம் தந்தியும் சுற்றப்பட்டதாக இருக்கட்டும். விரல் வலிக்கும் என்று அஞ்சினால், வியன்னாவின் தொமாஸ்டிக் தந்திகள் மற்றவற்றைவிட மென்மையான இழுவிசை கொண்டவை. 9இலிருந்து 12க்குப் போகும்போது கழுத்து முன்னோக்கி வளையும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: இதில் கமகம் வாசிக்க முடியுமா?

பதில்: 12 அளவுத் தட்டைத் தந்தியை இழுத்து முடியாது, வழுக்கி வேண்டுமானால் வாசிக்கலாம். வேறு கிட்டாரைப் பாருங்கள்.

கேள்வி: ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது ஆர்ச்டாப்தானே?

பதில்: பிரான்சின் செல்மர் கிட்டார். அதன் குடும்பமே வேறு.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள மகன் 1940களின் கிட்டார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது குதிரையின் உயரம். உயரம் மாற்றும் இரு திருகுச் சக்கரங்களும் அடியோடு இறக்கப்பட்டிருந்தும் தந்தி உயரமாகவே நின்றால், கழுத்தின் கோணம் போய்விட்டது என்று பொருள். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் செலவு சிறியதன்று. இரண்டாவது, பழைய செல்லுலாய்டு பிக்கார்ட். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி, பக்கத்திலுள்ள தந்தியையும் பிக்கப்பையும் துருப்பிடிக்கச் செய்யும். மூக்கைச் சுளிக்கும் புளித்த நெடி வந்தால் அதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். மூன்றாவது, விரல்பலகையின் மரம். அது பிரேசில் ரோஸ்வுட் என்றால், அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 முதல் விலக்கு உண்டு. பெட்டியில் போட்டு அனுப்பும்போது தந்திகளைத் தளர்த்தலாம். முழுவதும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். ஏசி அறையில் வைக்கலாமா?

பதில்: ஏசியால் கெடுவதில்லை; இரவெல்லாம் ஓடிப் பகலெல்லாம் நின்று ஈரப்பதம் ஏறி இறங்குவதால்தான் கெடுகிறது. பெட்டிக்குள் ஒரு சிறு ஈரமானி வையுங்கள். 45இலிருந்து 55 விழுக்காடு வரை நல்லது. வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள்.

கேள்வி: தந்தி மாற்றினேன். பிரிட்ஜ் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: இதே கேள்விக்கு மேலே எழுதியிருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கச்சேரியில் ஆம்ப்பைச் சற்று ஏற்றினாலே ஊளையிடுகிறது.

பதில்: ஆம்ப்பை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள், ஆம்ப்பில் தாழ்ந்த ஒலிகளின் அளவைக் குறையுங்கள், எஃப் துளைகளை நுரைப்பஞ்சால் அடையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உங்களுக்கு வேண்டியது, நடுவில் கட்டை பதித்து 1958இல் வந்த இஎஸ்-335 வகை.

கேள்வி: வாங்கிவிட்டேன். முதல் மாதம் என்ன வாசித்துப் பழகுவது?

பதில்: ஆம்ப்பில் செருகாதீர்கள். 1937இலிருந்து 1987 வரை கவுன்ட் பேசியின் ஜாஸ் இசைக்குழுவில் இருந்த கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், ஒரு தாளத்துக்கு நான்கு அடி என்று, பெரும்பாலும் நடுத்தந்திகளில் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் வைத்தே வாசித்தார். அதைப் போலவே, ஒவ்வோர் அடியும் விழுந்த கணத்தில் இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை நறுக்குங்கள். ஆர்ச்டாப்பின் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவது. ஆறு தந்திகளையும் அள்ளி வாசித்தால் அந்தக் குணம் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: மூன்றாம் தந்தியில் ஒரே ஒரு சுரம் வாசிக்கும்போது மட்டும் உள்ளே வண்டு பறப்பதுபோல் ஒரு கரகரப்பு. ஃப்ரெட் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். உள்ளீடற்ற உடலில் தளர்ந்து கிடக்கும் எந்த உலோகத் துண்டும் தனக்கு ஒத்த சுரம் வரும்போது கூடவே பாடும். வேறொருவரை அந்தச் சுரத்தை விடாமல் மீட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்: முதலில் பிக்கார்டைத் தாங்கும் கம்பி, அடுத்து டெயில்பீஸ், அதற்கும் குதிரைக்கும் இடையே நீளும் தந்திப் பகுதி, குதிரையின் திருகுச் சக்கரங்கள், ட்யூனிங் கீயின் நட்டுகள், கடைசியாக ஜாக், அதாவது ஆம்ப்பின் வயர் செருகும் இடம். எதைத் தொட்டதும் வண்டு நிற்கிறதோ அதுதான். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அது பிக்கார்டின் திருகாகவே இருந்திருக்கிறது. கால் சுற்று இறுக்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.